பத்து நாள் மிஷின்

குரு என்றால் நரைத்த தாடி, சீடன் என்றால் அரும்பு மீசை என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் இந்தக் கதையில் கொஞ்சம் இடம் மாறி உட்கார வேண்டும். இங்கே குருவின் பெயர் பொற்கொடி. வயது முப்பத்தெட்டு. தேர்களுக்கு மரச் சிற்பம் செதுக்குகிறவர். சீடரின் பெயர் கொளஞ்சி. வயது ஐம்பத்து மூன்று. நரைத்த தாடி அவரிடம்தான் இருந்தது.

கொளஞ்சி இருபத்தேழு வருஷம் ஒரு மர மில்லில் கதவும் ஜன்னலும் செய்தவர். ஒரு நாள், பக்கத்தில் நின்ற செல்லக்கண்ணு வட்ட ரம்பத்தில் பலகை தள்ளிக்கொண்டிருந்தார். மூன்று பலகைகள் சரியாகப் போயின. நாலாவது பலகையோடு மூன்று விரல்களும் போயின. மரத்தூளைக் கிளறி அந்த விரல்களைத் தேடி எடுத்து, டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் கொளஞ்சிதான். டாக்டர் டப்பாவைத் திறந்து பார்த்தார். மறுபடி மூடிவிட்டார்.

அன்றோடு மில் வேலையை விட்டார். வீட்டில் மிக்ஸி ஓடினால்கூட எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று மனைவி கேலி செய்தாள். பேயை நேரிலேயே பார்த்துவிட்டவரிடம் பழமொழி எடுபடாது.

மோட்டார் சத்தமே கேட்காத பட்டறை ஒன்று இருக்கிறது என்று யாரோ சொல்லித்தான் பொற்கொடியிடம் வந்து சேர்ந்தார். அங்கே உளியும், அதைத் தட்டுகிற மரக் கொட்டாப்புளியும் மட்டும்தான். கொளஞ்சியோடு சேர்த்து ஐந்து பேர் வேலை செய்தார்கள். இரண்டு வருஷம் அங்கே நிம்மதியாக இருந்தார். பத்து விரலும் பத்திரமாக இருந்தன.

அந்தப் பட்டறைக்குத்தான் ஒரு மிஷின் வந்தது.

கொண்டுவந்தவர் சேலத்தில் ஒரு கருவிக் கடையின் விற்பனையாளர், திவாகர் என்று பெயர். கறுப்புப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே டார்ச் லைட் அளவுக்கு ஒரு மிஷின். அதன் நுனியில் மாட்டுவதற்குப் பயறு அளவிலும் மிளகு அளவிலும் பன்னிரண்டு குடையும் முனைகள், அதாவது பிட்டுகள்.

"வயரே கிடையாதும்மா. சார்ஜ் போட்டா போதும். நிமிஷத்துக்கு இருபத்தஞ்சாயிரம் சுத்து. பத்து நாள் வச்சு ஓட்டிப் பாருங்க. பிடிச்சா வாங்குங்க, இல்லைன்னா கொடுத்துடுங்க."

மிஷின் தேவைப்படத்தான் செய்தது. புதுத் தேர் ஒன்றுக்கு நாற்பத்தெட்டு யாளி முகம் செய்து தர வேண்டும். எல்லாம் வாயைப் பிளந்த யாளிகள். பல்வரிசைக்குப் பின்னால் உளி போகாது. வளைந்த உளியை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்க ஒரு வாய்க்கு இரண்டு நாள் பிடித்தது. பங்குனியில் தேர் வெள்ளோட்டம்.

திவாகர் போனதும் குரு பெட்டியை எடுத்துக் கொளஞ்சியிடம் நீட்டினார்.

"நீங்க ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கண்ணே."

கொளஞ்சி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நானா மேஸ்திரிம்மா?"

"நீங்கதான்."

"எனக்கு மிஷினைக் கண்டாலே ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சேவா குடுக்கறீங்க?"

"பயமில்லாதவங்ககிட்ட குடுத்தா சாயங்காலமே நல்லாருக்குன்னு சொல்லிடுவாங்க. எனக்குப் பத்து நாளும் பார்த்துச் சொல்ற ஆள் வேணும்."

"வேணாம்னு சொன்னா?"

"திருப்பிக் குடுத்துடலாம். உங்க பேச்சுதான் முடிவு. ஆனா தினமும் சாயங்காலம் அதைப் பத்தி ஒரு விஷயம் எனக்குச் சொல்லணும்."

முதல் நாளே வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றுதான் கொளஞ்சி நினைத்தார். ஆனால் அவர் பொய் சொல்லிப் பழகாதவர். ஓட்டிப் பார்க்காமல் எப்படி வேண்டாம் என்பது?

முதல் நாள் பெட்டியை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் ஆயிற்று.

"என்ன பார்த்தீங்க?" என்று குரு கேட்டார்.

"பெட்டியைப் பார்த்தேன்."

"எப்படி இருக்கு?"

"கறுப்பா இருக்கு."

மற்ற நாலு பேரும் சிரித்தார்கள். குரு சிரிக்கவில்லை.

"சரி. நாளைக்குத் திறங்க."

இரண்டாம் நாள் திறந்தார். பேட்டரியைத் தனியாகக் கழற்றிப் பத்தடி தள்ளி வைத்துவிட்டு, பிட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். எடுத்ததை எல்லாம் இடது கைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தார். மரவேலை செய்கிறவர்கள் எல்லாரும் உளியின் கூர்மையை அப்படித்தான் பார்ப்பார்கள். முனையை நகத்தில் லேசாக வைக்க வேண்டும்; வழுக்கினால் மழுங்கல், பிடித்தால் கூர். உளி வலது கைக்கு வந்ததும் இடது கட்டைவிரல் எழுந்து நிற்கும். யாரும் அதை யோசித்துச் செய்வதில்லை.

"பிட்டு எல்லாம் நல்ல கூர் மேஸ்திரிம்மா. நகத்துல வச்சதும் பிடிக்குது."

குரு அவருடைய கட்டைவிரலைப் பார்த்தார்.

"பேட்டரி போட்டிருந்தீங்களா?"

"ஐயையோ! அதைக் கழட்டி வச்சிட்டுத்தான் தொட்டேன்."

"நல்லது" என்றார் குரு.

மூன்றாம் நாள் குலசாமிக்கு ஒரு ரூபாய் முடிந்து வைத்துவிட்டு மிஷினை ஓட்டினார். பல் டாக்டர் பல்லைக் குடைய வைத்திருக்கும் கருவியின் சத்தம்போல இருந்தது. அந்தச் சத்தம் காது வழியாகப் போகாமல் நேரே முதுகெலும்புக்குப் போயிற்று. உள்ளங்கை வியர்த்து மிஷின் வழுக்கியது. அணைத்துவிட்டுக் கீழே வைக்கப் போனார். அது இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. வைக்கவும் முடியாமல் பிடிக்கவும் முடியாமல் நின்றார். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"அணைச்சாலும் நிக்க மாட்டேங்குதும்மா. ரெண்டு மூணு விநாடி சுத்திட்டுத்தான் நிக்குது."

"அந்த நேரம் நீங்க என்ன பண்ணீங்க?"

"மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

"தினமும் அப்படியே நில்லுங்க."

நாலாம் நாள் ஒரு கழிவுக் கட்டையைக் கிளாம்ப்பில் இறுக்கிவிட்டு அதில் ஓட்டினார். இலுப்பை மரம், கல்போல இருந்தது. மிஷின் அதை வெண்ணெய்போல வழித்தது. இரண்டு விரல் நீளம் போயிருக்கும். ஒரு கணுவில் பட்டதும் சட்டென்று துள்ளிப் பக்கவாட்டில் ஓடியது. மரத்தில் ஆழமாக ஒரு கோடு விழுந்தது. கொளஞ்சி அந்தக் கோட்டின் மேல் தன் சுட்டுவிரலை வைத்துப் பார்த்தார். நீளம் சரியாக இருந்தது.

அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை.

"கணுவைக் கண்டா துள்ளுதும்மா. உளின்னா கணுகிட்ட போனதும் நின்னுடும். இங்க கணு இருக்குன்னு நம்ம கைக்குச் சொல்லிடும். இது ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது."

"அப்ப யாரு சொல்லணும்?"

"நான்தான் முன்னாடியே பார்த்து வச்சுக்கணும்."

"வேற?"

"வயர் இருந்தாலாச்சும் பிடுங்கி எறியலாம். வயர் இல்லைங்கறது சௌகரியம்னு அந்தத் தம்பி சொல்லுது. அவசரத்துக்குப் பிடுங்க ஒண்ணுமே இல்லைங்கறது எனக்குப் பயமாருக்கு."

குரு தலையாட்டினார். இதை எந்த விற்பனையாளரும் சொல்ல மாட்டார்.

ஐந்தாம் நாள் சார்ஜ் விஷயம் தெரிந்தது. முழு சார்ஜில் முக்கால் மணி நேரம் ஓடியது. கடைசிப் பத்து நிமிஷம் வேகம் குறைந்தது. வேகம் குறைந்தால் கை தானாக அமுக்குகிறது. அமுக்கினால் மரம் கருகுகிறது, மிஷின் துள்ளுகிறது. ஆகவே கடைசிப் பத்து நிமிஷத்துக்கு முன்னாலேயே பேட்டரியை மாற்றிவிட வேண்டும். கொளஞ்சி இதைச் சொன்னபோது குரல் முன்னைப்போல நடுங்கவில்லை. ஆறாம் நாள் யாளியின் வாய்க்குள் மிஷினை விட்டார்.

அன்றைக்கு நடந்ததைக் கொளஞ்சியே எதிர்பார்க்கவில்லை. கழிவுக் கட்டையில் மாதிரிக்கு ஒரு யாளி செதுக்கி வைத்திருந்தார். அதன் பற்களுக்கு நடுவே மிளகு அளவு பிட்டு சுலபமாகப் போயிற்று. இரண்டு வருஷமாக எந்த இடத்துக்குப் போக முடியாமல் உளியும் அவரும் முட்டி மோதிக்கொண்டிருந்தார்களோ, அங்கே அது போய் வழவழவென்று குடைந்து கொடுத்தது. இரண்டு நாள் வேலை அரை நாளில் முடிந்தது. நாக்கின் மடிப்புகூட வந்துவிட்டது.

"இதுக்கு முன்னாடி யாளிக்கு நாக்கு இருந்ததே எனக்குத் தெரியாதும்மா!" என்றார்.

பட்டறையில் எல்லாரும் வந்து எட்டிப் பார்த்தார்கள். அய்யாக்கண்ணு என்று ஒருவர், அங்கே கை தேர்ந்தவர், வாய்க்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அய்யாக்கண்ணு ஒன்றும் சொல்லாவிட்டால் அது பாராட்டு.

ஏழாம் நாளும் அப்படியே போயிற்று. கொளஞ்சி காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்துவிட்டார். மிஷின் ஓடும்போது வாய்க்குள்ளேயே ஏதோ பாட்டு முனகினார். அணைத்தபின் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. அது பாட்டுக்குச் சுற்றட்டும் என்று மடியில் வைத்துக்கொண்டு பீடி பற்றவைத்தார்.

சாயங்காலம் குரு வழக்கம்போலக் கேட்டார்.

"இன்னைக்கு என்ன பார்த்தீங்க?"

கொளஞ்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. குழந்தைபோல முகம் மலர்ந்துவிட்டது.

"இன்னைக்கு எனக்குப் பயமே இல்லைங்கம்மா!"

குருவின் முகம் வெளுத்தது. அவர் கையிலிருந்த உளியைச் சாணைக்கல்லின் மேல் வைத்தார். கொளஞ்சி பாராட்டை எதிர்பார்த்து நின்றார். அது வரவில்லை. மற்றவர்களெல்லாம் வீட்டுக்குப் போன பிறகும் குரு அங்கேயே உட்கார்ந்திருந்ததாகப் பூட்டுப் போட்ட அய்யாக்கண்ணு பிறகு சொன்னார்.

எட்டாம் நாள் காலை குரு தன் வேலையை எடுக்கவில்லை. ஒரு முக்காலியைத் தூக்கிவந்து கொளஞ்சிக்கு எதிரே, முழங்காலோடு முழங்கால் இடிக்கும்படி போட்டு உட்கார்ந்தார்.

"என்னங்கம்மா?"

"ஒண்ணுமில்ல. நீங்க ஓட்டுங்க."

கொளஞ்சிக்குக் கோபம் வந்தது. பயந்து செத்த நாளில் எல்லாம் தனியாக விட்டுவிட்டு, தேறி வந்த பிறகு எதிரே வந்து காவல் உட்காருவது என்ன நியாயம்? நம்மீது நம்பிக்கை இல்லை என்றால் நேராகச் சொல்ல வேண்டியதுதானே? அந்தக் கோபத்தோடு மிஷினை எடுத்தார். பதறாத காரியம் சிதறாது என்று அவருக்கும் தெரியும்; ஆகவே கோபத்தை மென்று விழுங்கிவிட்டு ஒழுங்காகவே ஓட்டினார். நடுவில் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். குரு மிஷினைப் பார்க்கவில்லை. யாளியையும் பார்க்கவில்லை. எதைப் பார்க்கிறார் என்று கொளஞ்சிக்கு விளங்கவில்லை.

டீ வருகிற நேரம். வழித்த இடத்தில் மரம் நார்நாராகச் சிலும்பிக்கொண்டு நின்றது. முன்புபோல வழவழப்பாக வரவில்லை. பிட்டு மழுங்கிவிட்டதோ என்று கொளஞ்சிக்குத் தோன்றியது.

மிஷினை யாளியின் வாயிலிருந்து வெளியே எடுத்தார். அணைக்கவில்லை. பார்த்துவிட்டு உடனே உள்ளே விடத்தானே போகிறோம். அந்த வேகத்தில் சுற்றுகிற பிட்டு சுற்றுவதாகவே தெரியாது. பளபளவென்று ஒரு மணி அசையாமல் நிற்பதுபோலத்தான் இருக்கும். மரத்தின் மேல் கிடந்த அவருடைய இடது கை எழுந்தது. கட்டைவிரல் நிமிர்ந்தது. நகம் பிட்டுக்கு நேராக வந்தது.

கொளஞ்சி அதைச் செய்யவில்லை. சத்தியமாகச் செய்யவில்லை. அவர் பிட்டின் கூர்மையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

குரு கத்தவில்லை. கத்தினால் ஆள் திடுக்கிடுவார், கை உதறும். எட்டி அந்த இடது மணிக்கட்டைப் பிடித்தார்.

நகம் கருகுகிற நாற்றம் வந்தது.

"அணைங்க."

கொளஞ்சிக்குக் கேட்கவில்லை.

"அண்ணே, அணைங்க."

அணைத்தார். பிட்டு சுற்றிக்கொண்டே இருந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. அது நிற்கும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நின்ற பிறகுதான் கொளஞ்சி தன் கையைப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தின் குறுக்கே, தச்சன் ரம்பம் போட்டதுபோல ஒரு பள்ளம். அதன் அடியிலிருந்து ரத்தம் மெதுவாக ஊறி வந்தது. இன்னொரு இமைப்பொழுது போயிருந்தால் எலும்பு.

அவருக்கு டிபன் டப்பா நினைவுக்கு வந்தது. குரு அவர் மணிக்கட்டை விடவில்லை. அந்தப் பிடி நடுங்கிக்கொண்டிருந்தது என்பது அவருக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். யாரோ துணி கிழித்தார்கள். கட்டுப் போட்டு முடித்ததும் கொளஞ்சி கேட்டார்.

"நான் ஏம்மா அப்படிப் பண்ணேன்?"

"நீங்க பண்ணலை."

"பின்ன?"

"இருபத்தொன்பது வருஷமா அந்தக் கை அப்படித்தான் பண்ணிட்டிருக்கு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மிஷின் வந்த நாள்லேருந்து நான் உங்க இடது கையைத்தாண்ணே பார்த்துட்டிருந்தேன். பயம் இருந்த வரைக்கும் அது மரத்தை விட்டு எந்திரிக்கலை. நேத்து ரெண்டு தடவை எந்திரிச்சுது. பாதியிலயே படுத்துக்கிச்சு."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" கொளஞ்சியின் குரலில் அழுகையும் கோபமும் இருந்தன.

"சொல்லியிருந்தா?"

"ஜாக்கிரதையா இருந்திருப்பேன்."

"எத்தனை நாளைக்கு?"

கொளஞ்சி கட்டுப் போட்ட விரலைப் பார்த்தார். குரு மிஷினிலிருந்து பேட்டரியைக் கழற்றினார்.

"சொல்லாம விட்டது தப்புதான். காலையில மிஷினை வாங்கி வச்சிருக்கணும். நான் பிடிச்சுடுவேன்னு நினைச்சேன். பிடிச்சேன், ஆனா நகம் போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

ஒன்பதாம் நாள் கொளஞ்சி வேலைக்கு வந்தார். வராமல் இருந்திருப்பார், ஆனால் வீட்டில் இருந்தால் மிக்ஸி ஓடும். மிஷினைத் தொடவில்லை. பழையபடி உளியை எடுத்தார். எடுத்ததும், கட்டுப் போட்ட கட்டைவிரல் எழுந்து நின்றது.

பாம்பைக் கண்டவர்போல அந்த விரலைப் பார்த்தார். அதை யாரும் கூப்பிடவில்லை. நேற்றுதான் அடிபட்டது, வலிக்கிறது, இருந்தும் எழுந்து நிற்கிறது. கீழே இறக்கினார். கொஞ்சம் செதுக்கினார். உளியைத் திருப்பினார். மறுபடி எழுந்தது.

எண்ணத் தொடங்கினார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் முப்பத்தொரு தடவை. எதிலும் அவர் அனுமதி கேட்கப்படவில்லை. சோற்றைப் பிசையும்போது இடது கையை மடியில் துண்டு போட்டு மூடி வைத்துக்கொண்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு நிமிர்ந்து மற்றவர்களைப் பார்த்தார். அவர் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

அய்யாக்கண்ணு உளியை மாற்றினார், கட்டைவிரல் எழுந்தது. ஓரத்தில் இருந்தவர் சாணை பிடித்துவிட்டு நிமிர்ந்தார், கட்டைவிரல் எழுந்தது. இன்னொருவர் பக்கத்து ஆளோடு பேசி, சிரித்து, வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். உளி கைக்கு வந்ததும் கட்டைவிரல் எழுந்தது. அந்த நாலு பேரும் நல்ல தொழிலாளிகள். யார் எவ்வளவு நல்ல தொழிலாளியோ, அவர் விரல் அவ்வளவு சீக்கிரம் எழுந்தது. அய்யாக்கண்ணுவின் விரல் உளி கைக்கு வருவதற்கு முன்னாலேயே எழுந்து காத்திருந்தது.

இரண்டு வருஷமாக நிம்மதியாக இருந்த பட்டறையில் கொளஞ்சியால் உட்கார முடியவில்லை. பட்டறை முழுக்க விரல்கள் எழுந்து எழுந்து படுத்தன. அவருக்கு மரத்தூளுக்குள் கையை விட்டுத் துழாவுவது போலவே இருந்தது.

அன்று சாயங்காலம் குரு ஒன்றும் கேட்கவில்லை. கொளஞ்சியும் சொல்லவில்லை.

பத்தாம் நாள் திவாகர் வந்தார். கொளஞ்சியின் விரலில் துணி சுற்றியிருப்பதைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"மிஷின் எதுவும் பண்ணிடுச்சாண்ணே?"

"மிஷின் ஒண்ணும் பண்ணலை தம்பி."

"எப்படி இருக்கு? சொல்லுங்க, கம்பெனிக்கு நான் சொல்லணும்."

கொளஞ்சி ஒன்றையும் மறைக்கவில்லை. அணைத்த பிறகும் மூன்று விநாடி சுற்றுவதைச் சொன்னார். கணுவில் துள்ளுவதைச் சொன்னார். சார்ஜ் குறைந்தால் கை அமுக்கும் என்றார். உளி போகாத இடத்துக்குப் போகும், இரண்டு நாள் வேலையை அரை நாளில் முடிக்கும், யாளிக்கு நாக்கு வைக்கும் என்றும் சொன்னார்.

"மொத்தத்துல?"

"நல்ல மிஷின். குறை சொல்ல முடியாது."

திவாகருக்கு உயிர் வந்தது. "அப்ப வாங்கிக்கறீங்களாம்மா?" என்று குருவைப் பார்த்தார்.

குரு கொளஞ்சியைப் பார்த்தார். "அவர் பேச்சுதான் முடிவு."

"கொஞ்சம் இருங்க தம்பி" என்றார் கொளஞ்சி. குருவின் அருகே போய், மற்றவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"மேஸ்திரிம்மா, இதை இங்க வைக்க வேணாம். எனக்காகச் சொல்லலை. நேத்து பூரா பார்த்தேன். இங்க இருக்கிற அத்தனை பேருக்கும் அந்த விரல் எந்திரிக்குது. அய்யாக்கண்ணுக்கு நெனைக்கிறதுக்கு முன்னாடியே எந்திரிக்குது. அவர்கிட்ட இதைக் குடுத்தா ஒரே நாள்தான்."

"யாளி வாய் நாற்பத்தெட்டு இருக்கேண்ணே."

"இருக்கு. இது இருந்தா முடிச்சிடலாம். அதுவும் நிஜந்தான்." தலையைத் திருப்பி யாளியைப் பார்த்தார். "ஆனா யார்கிட்ட குடுப்பீங்க? தொழில் தெரிஞ்சவனுக்குத்தான் இது ஆபத்து. தொழில் தெரியாதவன்கிட்ட குடுத்து யாளி செய்ய முடியுமா? அப்ப இதைத் தொடறதுக்கு இந்தப் பட்டறையில ஆளே இல்லையே."

"இருக்காங்க."

"யாரு?"

"நீங்க."

கொளஞ்சி இரண்டடி பின்னால் போனார்.

"நானா? அடிபட்டவனே நான்தானே! நேத்து சாப்பாட்டுக்குள்ள என் விரல் முப்பத்தோரு தடவை எந்திரிச்சுதும்மா. எண்ணிட்டேன்."

"வேற யாராவது எண்ணினாங்களா?"

கொளஞ்சி பட்டறையைத் திரும்பிப் பார்த்தார். நாலு பேரும் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

"அப்ப நீங்களே எடுத்துக்குங்க மேஸ்திரிம்மா" என்றார். கெஞ்சுவதுபோல இருந்தது. "உங்களுக்குத்தான் எல்லாம் தெரிஞ்சிருக்கு. எட்டு நாளும் அந்தக் கையைப் பார்த்து நீங்க பயந்துக்கிட்டே இருந்தீங்கல்ல?"

குரு பெட்டியை எடுத்து, கட்டுப் போடாத அவருடைய வலது கையில் வைத்தார்.

"நான் பயந்தது உங்க கையைப் பார்த்துண்ணே. என் கையைப் பார்த்து எனக்கு இன்னும் பயம் வரலை."